லாசாலில் ஒரு சத்தியக்கடதாசி

மொன்றியலில் இறங்கியபோது என் பெட்டிக்குள் ஒரு கட்டுக் கறிவேப்பிலையும் கைப்பைக்குள் மூன்று பக்கச் சத்தியக்கடதாசி ஒன்றும் இருந்தன. கறிவேப்பிலையை விமான நிலையத்தில் பறித்துக்கொண்டார்கள். சத்தியக்கடதாசியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி மனைவி மாலா வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தது கறிவேப்பிலைக்குத்தான். நான் வெறுங்கையோடு வந்து நின்றதும் அவள் முகம் போன போக்கை அவள் மறைக்கக்கூட இல்லை.

கடதாசியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மட்டக்களப்பு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக முப்பது வருடம் கத்திவிட்டு ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்தில் தவராசா என்று ஒரு மனிதர், பால் சேகரிப்பு நிலையத்தின் செயலாளர். மாடுகள் மேய்கிற தரையைப் பிரதேச சபையின் தலைவரான தவிசாளர் வளைத்துப் பிடித்ததை எதிர்த்துக் கையெழுத்து வாங்கித் திரிந்தார். தவிசாளர் ஆள் வைத்து அவரைப் பால் நிலையத்தின் வாசலிலேயே சுடுவித்தார். வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டது. தவராசாவின் மனைவி சுகிர்தா கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னாள். எதிரிக்காக வந்த கொழும்புச் சட்டத்தரணியின் சிங்களக் கேள்விகளை அவளுக்குத் தமிழில் சொன்னது நான்தான். அந்தக் கேள்விகளை என் வாயால் கேட்க வேண்டியிருந்ததே என்று இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். கடைசியில் தவிசாளருக்கு மரண தண்டனை தீர்ப்பானது. எங்கள் நாட்டில் யாரையும் தூக்கில் போடுவதில்லை, சாகும்வரை உள்ளே என்று அர்த்தம். சுகிர்தா அதோடு நாட்டை விட்டுக் கனடாவுக்கு வந்துவிட்டாள்.

போன மாதம் ஜனாதிபதி அந்தத் தவிசாளருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தார். தேர்தலில் எங்கள் பக்கத்து வாக்குகளை அவருக்கு அள்ளிக் கொடுத்தது தவிசாளரின் கூட்டம்தான். தவிசாளர் சிறைக்குள் இருந்துகொண்டே அதைச் செய்து முடித்தார். அவருடைய பேரை நான் எழுதப் போவதில்லை. நான் இப்போதும் அந்த ஊரில்தான் இருக்கிறேன்.

மன்னிப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம். மனுவோடு விதவை சத்தியம் செய்து கையெழுத்திட்ட சத்தியக்கடதாசி வேண்டும், அதுவும் மூலப்பிரதி. எப்படியும் தம்பியைப் பார்க்க வர இருந்தவள் நான். மனுவை நடத்தும் எங்கள் ஊர்ச் சட்டத்தரணி, சுகிர்தா கையெழுத்திட வேண்டிய கடதாசியை என் கையில் தந்து, ஐந்து நாளில் திரும்பி வாருங்கள் மிஸ் என்றார். அப்படித்தான் நான் தபால்காரி ஆனேன்.

தம்பி ரவியின் வீடு மொன்றியலின் ஓரத்தில், பியர்பொன்ட்ஸில் இருக்கிறது. நல்ல பெரிய வீடு. கார் இல்லாவிட்டால் ஒரு போத்தல் பால் வாங்கவும் வழியில்லை. முதல் நாள் சாப்பாடு புட்டும் சமன் மீன் குழம்பும். ரவி சாப்பிடாமல் கைத்தொலைபேசியில் ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினான். சிறை வாசலில் தவிசாளருக்கு மாலை, வெடி, ஆரத்தி.

“பாருங்கக்கா, கொலைகாரனுக்கு ஆரத்தி எடுக்கிறாங்க. இதக் கேக்க ஒரு மனுசன் இல்லியா? எனக்கு ரத்தம் கொதிக்குது” என்றான்.

அவனுடைய மகளுக்குப் பதினாறு வயது. தமிழ் விளங்கும், பதில் பிரெஞ்சில்தான் வரும். அவள் ஏதோ கேட்க, மாலா எனக்குச் சொன்னாள்: “அந்தாள் செய்யல்ல எண்டு இப்ப கண்டுபிடிச்சிட்டாங்களா எண்டு கேக்கிறா.”

“இல்ல, செய்தவர்தான்” என்றேன்.

“அப்ப ஏன்?” இதை மட்டும் அவள் தமிழில் கேட்டாள். நானும் ரவியும் புட்டைச் சாப்பிட்டோம்.

இரண்டாம் நாள், நகரின் இன்னொரு கோடியில் சுகிர்தா இருக்கும் லாசாலுக்குத் தனியாகப் புறப்பட்டேன். ரவிக்கு வேலை. பஸ் இலக்கத்தை எழுதித் தந்திருந்தான். எங்கள் ஊரில் வாகனம் இடது பக்கம் ஓடும், இங்கே வலது பக்கம். நான் ஊர்ப் பழக்கத்தில் வீதியின் பிழையான கரையில் நின்று, சரியான இலக்க பஸ்ஸில் ஏறி, நேர் எதிர்த்திசையில் முக்கால் மணித்தியாலம் போனேன். கடைசித் தரிப்பில் ஒருவரும் இல்லை. வெளியே உருகிய பனியும் சேறும். சாரதி ஹெயிட்டிக்காரர், என்னை இறக்கிவிடாமல் உள்ளேயே இருக்கச் சொன்னார். எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கும் வாய் சும்மா இருக்குமா? ஜனாதிபதி, தவிசாளர், மாலை, ஆரத்தி எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் ஆச்சரியப்படவே இல்லை. “உங்கள் ஊரில் அதற்குக் கடதாசியாவது எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் கதவைத் திறந்துவிட்டு, ஓடிவிட்டான் என்பார்கள்” என்றார். பிறகு பஸ்ஸைத் திருப்பினார்.

மெட்ரோ மாறி, கடைசி நிலையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் எடுத்து நான் சுகிர்தா வீட்டுக்குப் போய்ச் சேரப் பகல் திரும்பிவிட்டது. மாடிக்கு ஏறும் இரும்புப் படிகள் வீட்டுக்கு வெளியே இருக்கின்றன, அதன்மேல் ஐஸ். யார் இப்படிக் கட்டினார்களோ, அவர்களை ஒரு நாளாவது ஏற்றி இறக்க வேண்டும். சுகிர்தா ஓடி வந்து கையைப் பிடித்து ஏற்றினாள். மெலிந்திருந்தாள். ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பாண் பொதி பண்ணுகிறாள், எனக்காக அன்று லீவு போட்டிருந்தாள். இறால் கறியும் பருப்பும் முருங்கைக்காயும் சமைத்து வைத்திருந்தாள். முருங்கைக்காய் உறைந்தது, சக்கையாக இருந்தது. நான் அதையும் விடவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் கடதாசியை விரித்து ஆங்கிலத்திலிருந்து பந்தி பந்தியாகத் தமிழில் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். ஒன்பதாம் பந்தி இப்படி இருந்தது: எதிரிக்கு மன்னிப்பு வழங்கும்படி நான் ஒருபோதும், எவரிடமும், வாயாலோ எழுத்தாலோ கேட்டதில்லை.

“அதத் திரும்பச் சொல்லுங்க மிஸ்” என்றாள்.

சொன்னேன். அவள் கடதாசியை மடித்து என் பக்கம் தள்ளினாள். “இத விட்டிருவம் மிஸ்.”

“ஏன்?”

“ஒண்ணா மிஸ். என்னால ஏலாது.”

என் கோபம் உங்களுக்குத் தெரியாது. அரைவாசி உலகம் தாண்டி வந்திருக்கிறேன், முழங்கால் வீங்கியிருக்கிறது, அவள் காரணமும் சொல்லவில்லை. “கூண்டில நிண்டு அவ்வளவு தைரியமாச் சொன்ன நீதானா இது? கனடாவுக்கு வந்ததும் தவராசாவ மறந்து போச்சா?” என்று கேட்டுவிட்டேன். அவள் எழும்பினாள். மிச்ச இறால் கறியை ஒரு யோகட் டப்பாவில் போட்டு மூடி, தம்பிக்குக் கொடுங்க மிஸ் என்று என் கையில் தந்தாள். பஸ் ஏறிய பிறகுதான் நான் கேட்ட கேள்வி எனக்கே உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. தேவாலய மண்டபத்தில் மன்னிப்பை எதிர்த்துக் கண்டனக் கூட்டம். போகும் வழியில் ஒரு தமிழ்க் கடைக்குள் நுழைந்தோம், மாலாவின் கறிவேப்பிலைத் துயரம் இன்னும் தீரவில்லை. கடைக்குள்ளும் இதே கதைதான். கல்லாவில் நின்ற மன்னார்க்காரர், “எங்கட சனத்தின்ர உயிருக்கு இவ்வளவுதான் மதிப்பு” என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சாமான் வாங்க வந்த சென்னைப் பையன் ஒருவன், “யாரு சார் அது, மினிஸ்டரா?” என்று கேட்டான்.

“இல்லை தம்பி, பிரதேச சபை. உங்கட ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி.”

“பஞ்சாயத்து ஆளுக்கா பிரசிடெண்டே கையெழுத்துப் போட்டாரு?” என்று அவன் வாயைப் பிளந்தான். நாங்கள் யாரும் அதுவரை அப்படி யோசிக்கவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. யாழ்ப்பாணத்தார், மன்னார்க்காரர், எங்கள் ஆட்கள், எல்லோரும். வாசலில் ரோல்ஸ், தேத்தண்ணி. ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர் ஞானம் அண்ணை, யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். யாருக்கு விசா இல்லை, யாருடைய பிரேதம் ஊருக்குப் போகவேண்டும் என்று முப்பது வருடமாக ஓடித் திரிந்த மனிதர் என்று ரவி சொன்னான். அவர் பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆட்கள் எழும்பி எழும்பிப் பேசினார்கள். ரவியும் எழும்பினான். தூதரகத்துக்கு முன்னால் நிற்போம் என்றான். கைதட்டல்.

நடுவில் ஒரு பெண் தன் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி எழுந்து நின்றாள். ஜனாதிபதி அலுவலகம் இப்போதுதான் பதில் விட்டிருக்கிறது என்று வாசித்தாள். வெளிநாட்டில் வாழும் தமிழ் மக்களே இந்த மன்னிப்பைக் கேட்டார்கள், அவர்கள் கையெழுத்திட்ட மனு இதோ. கீழே படங்கள். ஒரு பக்கத்தின் தலையில் மொன்றியல் என்று இருந்தது.

மண்டபம் முழுக்க எல்லோரும் குனிந்து தங்கள் தொலைபேசியில் விரலால் பெரிதாக்கித் தங்கள் பேரைத் தேடினார்கள். பரீட்சை முடிவு பார்ப்பது போல. ஒருவர் இருக்கு என்றார். பின்வரிசையில் இன்னொருவர், என்ரயும் இருக்கு என்றார். மாலாவின் கையெழுத்து இருந்தது. அதற்கு மேல் ரவியின் கையெழுத்து.

விஷயம் இதுதான். இரண்டு வருடம் முன்பு கோடையில் பூங்காவில் ஒன்றுகூடல். பெரிய அண்டாவில் கூழ். கூழுக்கு வரிசை, வரிசையின் தொடக்கத்தில் ஒரு மேசை, மேசையில் தமிழ் அரசியல் கைதிகளை விடுதலை செய்யக் கோரும் மனு. கூழ்க் கோப்பையை வாங்கமுன் ஒரு கையெழுத்து. கைதிகள் விடுதலை என்றால் எங்கள் ஆட்கள் யாராவது வாசித்துக்கொண்டு நிற்பார்களா? கேட்டால் போடுவோம், கேட்காவிட்டாலும் போடுவோம். கைதிகளின் பேர்ப் பட்டியல் பின்னால் குத்தியிருந்தது. அதன் கடைசிப் பக்கத்துக் கடைசிப் பேர் தவிசாளருடையது.

ஞானம் அண்ணை மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். “எங்கட பெடியளின்ர லிஸ்ட் எண்டுதானே ஊரில இருந்து அனுப்பினவங்கள். நான் கடைசிப் பக்கம் பாக்கேல்லை. சத்தியமாப் பாக்கேல்லை” என்றார். ஒலிவாங்கி இன்னும் கையிலேயே இருந்தது. ஒருவரும் அவரைத் திட்டவில்லை. திட்ட யாருக்கு முகம் இருக்கிறது?

நான் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கினேன். மேலிருந்து நாலாவது வரி, முழுத் தமிழ் எழுத்தில், குண்டு குண்டாக: சுகிர்தா தவராசா.

நாலாம் நாள் காலையே லாசாலுக்கு ஓடினேன். அவள் கதவைத் திறந்ததும், “என்ன மன்னிச்சிக்க” என்றேன். அந்தச் சொல்லை வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். அவள் பெரிதாக எடுக்கவில்லை.

“எனக்கு நீங்க வந்த அண்டைக்கே தெரியும் மிஸ். தம்பி சொல்லிட்டான்” என்றாள். அவளுடைய தம்பி கோபி ஊரில் அதே பால் நிலையத்தில் வேலை செய்கிறான். மனைவியும் நாலு வயது மகளும் அவனோடு இருக்கிறார்கள். தவிசாளர் சிறையிலிருந்து வந்த இரண்டாம் நாளே அவன் வீட்டுக்குக் கேக் பெட்டியோடு போயிருக்கிறார். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறார். அக்காவே என்ன மன்னிச்சிட்டா, கையெழுத்தும் போட்டிருக்கா, நீயும் மனசில ஒண்டும் வெச்சிக்காத என்று சொல்லியிருக்கிறார்.

“நான் கையெழுத்துப் போட்டன் மிஸ். எழுத்தால கேட்டதில்ல எண்டு சத்தியம் பண்ணினா அது பொய்தானே? என்ட மனுசன் சாகக்குள்ள அவர்ட கையில இருந்ததும் கையெழுத்துக் கடதாசிதான். நான் ஒரு கோப்பைக் கூழுக்கு அவரச் சுடுவிச்சவனுக்குப் போட்டிருக்கன்.”

அவள் அழுதாள். நானும் அழுதேன்.

பிறகு சட்டத்தரணியைத் தொலைபேசியில் பிடித்தேன். ஒன்பதாம் பந்தியை மாற்றலாம் என்றார். கையெழுத்திட்டேன், வாசிக்கவில்லை, அந்தப் பேர் அதில் இருந்தது தெரியாது என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னார். வேறு இரண்டு பேராவது இதையே சத்தியம் செய்தால் நல்ல பலம் என்றும் சொன்னார்.

அதே தேவாலயத்தில் மத்தியானப் பூசை முடிந்து வெளியே வந்த ஒவ்வொருவரையும் மறித்தேன். முந்தின நாள் கைதட்டிய அதே முகங்கள். ஒருவருக்கு ஊரில் தாய் படுக்கையில். ஒருவர் வருடப்பிறப்புக்குப் போகிறார், விமான நிலையத்தில் மறித்தால்? ஒருவர், “பேந்து கதைப்பம் அக்கா” என்று காருக்குள் ஏறினார். ஞானம் அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். “நான் போட்டா, லிஸ்ட்டைக் கொண்டுவந்தது நான்தான் எண்டு கோட்டில நிக்கும், தங்கச்சி. என்ர பிள்ளையள் என்னை என்னெண்டு நினைக்குங்கள்?” என்றார். பாவமாக இருந்தது. அதற்காக என் கோபம் குறையவில்லை.

வீட்டில் ரவியிடம் பேனாவையே நீட்டினேன். அவன் வாங்கவில்லை. “அக்கா, ஊரில அம்மாட வளவுக் காணி என்ட பேரில கிடக்கு. ஆவணிக்குக் கோயிலுக்குப் போறம். நீங்களும் அங்கதான இருக்கிறீங்க, கொஞ்சம் யோசிங்க” என்றான். ரத்தம் கொதித்தவன் இவன். மாலா புட்டுக் கொண்டுவந்து வைத்தாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

பின்னேரம் சுகிர்தா அழைத்தாள். கோபி மறுபடி பேசினானாம், போட வேண்டாம் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டானாம்.

“நான் போட்டா அவனுக்கு என்ன நடக்கும் மிஸ்?”

“எனக்குத் தெரியாது மகள்.”

“போடாட்டி?”

“தவராசாட பொஞ்சாதி மன்னிச்சிட்டா எண்டதுதான் உண்மையா நிக்கும்.”

“காலையில ஒம்பது மணிக்கு வாங்க” என்றாள்.

ஐந்தாம் நாள். அன்றைக்கே எனக்கு விமானம். லாசாலில் சத்தியம் எடுக்க அனுமதி பெற்ற பிரெஞ்சுக்கார அம்மா ஒருவரின் சின்ன அலுவலகம். பழைய கடதாசியில் ஒன்பதாம் பந்தியை நாங்கள் மாற்றி அச்சடித்திருந்தோம். சுகிர்தா என்னை முழுவதும் மறுபடி தமிழில் சொல்லச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு தாளையும் எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். கடைசித் தாளுக்குப் பின்னால் ஏதாவது குத்தியிருக்கிறதா என்று நகத்தால் கிளப்பிப் பார்த்தாள். அந்த அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். வாசித்து விளங்கித்தான் போடுகிறாயா என்று கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். “ஓம்” என்றாள் சுகிர்தா. கையை உயர்த்திச் சத்தியம் செய்தாள். மூன்று பக்கத்திலும் குண்டு குண்டாகக் கையெழுத்திட்டாள். நான் மொழிபெயர்ப்பாளராக அதன் கீழே போட்டேன்.

பஸ் தரிப்பில் நிற்கும்போது அவளுடைய தொலைபேசி அடித்தது. கோபி. ஊரில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். கையுறையோடு அழுத்தியதில் ஒலிபெருக்கி வேலை செய்தது. வந்தது கோபியின் குரல் இல்லை.

“அக்கா, சுகமா இருக்கீங்களா? நான்தான். தம்பி வீட்டுக்கு வந்தன். நீங்க போட்ட கையெழுத்துக்கு வாயால ஒரு நன்றி சொல்லாம இருக்கிறது சரியில்ல எண்டு எடுத்தன்.” தன்மையான, மரியாதையான குரல். அந்தக் குரலை நான் நீதிமன்றத்தில் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை, அங்கே அந்த ஆள் வாய் திறக்கவே இல்லை.

சுகிர்தாவின் குரல் அசையவில்லை. “தவிசாளர், நான் இப்பதான் இன்னொரு கையெழுத்துப் போட்டுட்டு வாறன். அதும் உங்களப் பத்தித்தான். உயர் நீதிமன்றத்தில வாசிப்பாங்க, போய்க் கேளுங்க” என்று சொல்லித் தொடர்பை அறுத்தாள்.

எனக்குச் சந்தோசம் தாங்க முடியவில்லை. அவளைக் கட்டிப் பிடித்தேன். ஐந்து நாளில் முதல் தடவையாக அந்தக் குளிருக்குள் வாய்விட்டுச் சிரித்தேன். தூரத்தில் நின்ற ஒரு கிழவர் எங்களைப் பார்த்துத் தானும் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுக் கோபியை அழைத்தாள். எடுக்கவில்லை. பஸ் வந்தது, ஏறினோம், மறுபடி அழைத்தாள். நான் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். எத்தனை தரம் அழைத்தாள் என்று எண்ணவில்லை. மெட்ரோ நிலையத்தில் இறங்கும் நேரம் அவன் எடுத்தான். ஒலிபெருக்கியில் அவன் மூச்சு வாங்குவது எனக்கும் கேட்டது.

“அக்கா” என்றான். “நீங்க அதச் சொல்லக்குள்ள என்ட மகள் அந்தாள்ட மடியில இருந்தவள்.”